கல்லில் நின்றவனும் திரையில் வீழ்பவனும்

மாணவச் செல்வங்களே! உங்களிற் பலர் திரையிலே வாளேந்திப் பேய்களை வெட்டி வீழ்த்தும் ஆட்டங்களில் பொழுதுபோக்குகின்றீர்கள். பரங்கிக்காயைக் குடைந்து விளக்கேற்றும் ஹாலோவீன் இரவே சில ஆட்டங்களுக்குக் களம். இதற்கும் சவ்வாது மலையடியிலுள்ள செங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

ஹாலோவீன், அக்டோபர் 31-ஆம் நாள் இரவு. கோடை நீங்கிக் குளிர் புகும் அந்நாளில் இறந்தோர் உயிருள்ளோரை நாடி வருவர் என்று அயர்லாந்தின் பழங்குடியினர் நம்பினர். அதன் பெயரிலேயே ஒரு திகிற்படம் 1978-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1983-இல் அப்படம் அட்டாரிப் பொறிக்குரிய ஆட்டமாயிற்று. அதில் ஆடுபவர் கொலைஞனல்லர். குழந்தைகளைக் காக்கும் செவிலிப்பெண். கத்தியோடு வருபவனிடமிருந்து குழந்தைகளை அழைத்துச் சென்று காத்தால் புள்ளிகள் கிடைக்கும். அவளுக்கோ மூன்று உயிர்கள்!

அப்பொறியின் நினைவகம் 128 பைட்டுகளே. ஆதலின் உருவங்கள் சிறு சிறு கட்டங்களால் ஆயின. வறுமையிற் பிறந்த அந்த வடிவத்தையே இன்றைய கலைஞர் சிலர் அழகெனக் கருதி மீண்டும் படைக்கின்றனர்.

இனிச் செங்கத்திற்கு வருவோம். சங்க காலத்தில் செங்கண்மா எனப்பட்ட இவ்வூர், மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னனின் தலைநகர். இதன் சுற்றுப்புறங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. அவற்றின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. நாணயமிட்டு ஆடும் 'பாங்' என்ற புகழ்பெற்ற ஆட்டப்பொறி அமெரிக்காவில் தோன்றியதும் அவ்வாண்டே!

அக்காலத்தில் ஆநிரையே செல்வம். அதனைத் 'தொறு' என்றனர். தொறுவைக் கவர்வதும் மீட்பதுமே பூசலுக்குக் காரணமாயின. மீட்கப் போராடி மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. சிற்பியும் சில கோடுகளிலேயே வீரனை நிறுத்தினான்: கையிலே படைக்கலம், முன்வைத்த கால், அருகே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும்.

இவற்றுள் என் உள்ளத்தை உருக்குவது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் பொருது பட்டான் என்று அறிஞர் பொருள் கொள்வர். அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என அக்கல் கூறுகின்றது. நாயின் பெயரையும் மறவாமல் பொறித்த மக்கள் நம் முன்னோர்!

காப்பவரே வீரர் என்ற எண்ணம் அமெரிக்க ஆட்டத்திலும் உண்டு. எடுத்தனூர்க் கல்லிலும் உண்டு. ஆயின் ஒரு வேறுபாடு. திரையில் மூன்று உயிர்கள் போனாலும் பொத்தானை அழுத்தினால் மீண்டும் மூன்று. வீழ்பவனுக்குப் பெயரில்லை, அவனுக்காக அழுவாருமில்லை. கருந்தேவக்கத்திக்கு இருந்ததோ ஓருயிர். அது போனதனால்தான் கல் நிற்கின்றது. அயர்லாந்தார் ஆவிகளை அஞ்சினர். நம்மவர் மாண்டவனிடமே காவல் வேண்டினர். இப்பகுதியில் நடுகல்லை வேடியப்பன் என இன்றும் வணங்குவோர் உளர்.

ஆட்டம் தீதென்று நான் கூறவில்லை. நாற்பது நிமிடப் பாடத்திற்குப்பின் விளையாட்டு மணி அடித்தால் மகிழாத மாணவனை என் ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை. ஆயினும் வழிபாடு நின்றுபோன நடுகற்கள் துணி வெளுக்கும் கல்லாகவும் வாயிற்படியாகவும் கிடப்பதை நான் கண்டிருக்கின்றேன். எழுத்துத் தேய்ந்தால் பெயர் அழியும். பெயர் அழிந்தால் அவ்வீரன் இரண்டாம் முறை இறக்கின்றான். அவனை மீட்க எந்தப் பொத்தானும் இல்லை.

ஆகவே மாணவர்களே, விடுமுறையில் உங்கள் ஊர்ப்புறத்துக் கற்களை உற்று நோக்குங்கள். எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுண்ணாம்பு பூசாதீர், இடம் பெயர்க்காதீர், ஆசிரியரிடமும் தொல்லியல் துறையினரிடமும் தெரிவியுங்கள். ஆநிரை காத்தவனின் பெயரைக் காப்பது இனி உங்கள் கடமை.