பெங்குயினைப் பிடித்து கேமராமேனுக்கு ஊட்டப் பார்த்த சீல்... பனிக்கடலுக்கு அடியில் எடுக்கும் படங்கள் எதை மாற்றின?

2006ஆம் ஆண்டு. அண்டார்டிகா கடலில் கேமராவுடன் இறங்கினார் கனடாவைச் சேர்ந்த பால் நிக்லன். எதிரே வந்தது 12 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரு பெண் லெப்பர்ட் சீல். வாயை அகலத் திறந்து, கேமராவைக் கவ்வப் போவது போல் பல்லைக் காட்டியது. அவர் நகரவில்லை.

பிறகு நடந்ததைத்தான் உலகமே பேசியது. அந்த சீல் உயிருள்ள ஒரு பெங்குயினைப் பிடித்து வந்து அவர் முன்னால் விட்டது. பெங்குயின் நீந்தி ஓடிவிட்டது. மறுபடியும் பிடித்து வந்தது, அதுவும் ஓடிவிட்டது. 'இந்த ஆளுக்கு வேட்டையே தெரியாது போல' என்று நினைத்ததோ என்னவோ, அடுத்து சோர்ந்துபோன பெங்குயினைக் கொண்டு வந்தது. அதன் பிறகு செத்த பெங்குயின். இப்படியே நான்கு நாட்கள்!

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனா இதே இனத்தைச் சேர்ந்த ஒரு சீல், 2003ல் அண்டார்டிகாவில் ஸ்னார்க்கலிங் செய்துகொண்டிருந்த பிரிட்டன் பெண் ஆராய்ச்சியாளரை நீருக்குள் இழுத்துச் சென்றது. அவர் உயிரிழந்தார். அது தெரிந்தும் நிக்லன் தண்ணீரில் இறங்கினார்.

இவ்வளவு ஆபத்தில் எடுக்கும் படங்களால் யாருக்கு என்ன பயன்? சில இடங்களில் இவை நிஜமாகவே உதவியிருக்கின்றன. ஓரிடத்தில் கை சுட்டுக்கொண்ட கதையும் உண்டு.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

கடல் நீர் உப்பு நீர் என்பதால் 0 டிகிரியில் உறையாது. மைனஸ் 1.8 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். துருவக் கடலில் டைவ் அடிப்பவர்கள் இறங்குவது அந்த நீரில்தான். சாதாரண டைவிங் உடை போதாது. உடம்பில் தண்ணீரே படாத 'டிரை சூட்', அதற்குள் அடுக்கடுக்காகத் துணி. காற்று தரும் ரெகுலேட்டர் உறைந்து போனால் காற்று கட்டுப்பாடில்லாமல் வெளியேறிவிடும். அதனால் குளிருக்கென்றே செய்த ரெகுலேட்டர் வேண்டும்.

பெரிய பயம் வேறு. மேலே தலைக்கு நேராகப் பனிக்கூரை. இறங்கிய ஓட்டை வழியாகத்தான் ஏற முடியும். ஓட்டையைத் தவறவிட்டால் அவ்வளவுதான். பல இடங்களில் இறங்கும்போதே கயிறு கட்டிக்கொள்வது அதனால்தான். பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும். விரல் மரத்துப் போனால் கேமரா பட்டனை அழுத்துவதே பாடு.

பிரான்ஸைச் சேர்ந்த லாரன்ட் பலெஸ்டா குழு 2015ல் கிழக்கு அண்டார்டிகாவில் 70 மீட்டர் ஆழம் வரை போனது. சில டைவ்கள் 5 மணி நேரம் வரை நீண்டன. ஊருக்குத் திரும்பிய பிறகும் பல மாதங்கள் அவருடைய கால் கட்டைவிரல் நரம்புகள் சரியாகவில்லை.

ஆனால் அங்கே அவர் பார்த்தது பாலைவனம் அல்ல. ஆழம் குறைந்த பகுதியைப் பனிப்பாறைகள் உரசி உரசி வழித்துவிடும். அதற்குக் கீழே போகப் போக ஸ்பாஞ்சுகள், மென்பவளங்கள், நட்சத்திர மீன்கள் என்று தரையே தெரியாத அளவுக்கு உயிர்கள்.

பனிக்கு அடியில் ஏன் பார்க்க வேண்டும்?

மேலே நின்று பார்த்தால் வெறும் வெள்ளை. அதே பனியின் அடிப்பக்கத்தில் பாசி ஒட்டி வளர்கிறது. அண்டார்டிகாவில் கிரில் என்னும் இறால் போன்ற சின்ன உயிரிகளின் குஞ்சுகள் குளிர்காலத்தில் அந்தப் பாசியைத் தின்று பிழைக்கின்றன. கிரிலை பெங்குயினும் திமிங்கிலமும் சீலும் தின்கின்றன. ஆர்க்டிக்கில் பாசியிலிருந்து குட்டி உயிரிகள், ஆர்க்டிக் காட் மீன், சீல், கடைசியில் துருவக் கரடி.

வயலுக்கு மண் எப்படியோ, துருவக் கடலுக்குப் பனி அப்படி. புவி வெப்பமடைவதால் பனி கரைகிறது என்றால் கரடிக்கு நிற்க இடம் போச்சு என்று மட்டும் நினைக்கிறோம். அடியில் இருக்கும் வயலும் சேர்ந்தே போகிறது. அதை யாராவது இறங்கிப் படம் எடுத்தால்தானே தெரியும்?

குமிழி சொன்ன ரகசியம்

எம்பெரர் பெங்குயின் பனிமேல் நடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தண்ணீருக்குள் அதுவே ராக்கெட். ராஸ் கடலில் நிக்லன் எடுத்த படத்தில், மேலே பாயும் பெங்குயின்களுக்குப் பின்னால் வெள்ளைக் குமிழிகள் கோடு கோடாக நீள்கின்றன. 2012ஆம் ஆண்டுக்கான வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் அந்தப் படம் வென்றது.

அந்தக் குமிழிகள் எதற்கு? 2011ல் வந்த ஒரு ஆய்வு இதை விளக்கியது. பெங்குயின் இறங்கும் முன் இறகுகளுக்கு இடையே காற்றைச் சேமித்துக்கொள்கிறது. மேலே ஏறும்போது நீரின் அழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரிந்து, நுண்குமிழிகளாக வெளியேறுகிறது. உடம்பைச் சுற்றி அது ஒரு வழுக்கும் போர்வை போல ஆகி, வேகம் கூடுகிறது. அந்த வேகத்தில்தான் தண்ணீரிலிருந்து எகிறிப் பனிமேல் விழ முடிகிறது. ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட உதவியவற்றில் பிபிசியின் 'புளூ பிளானட்' தொடருக்காக நீருக்கடியில் எடுத்த காட்சிகளும் உண்டு. டிவிக்காக எடுத்த வீடியோ ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை இது.

ஒரு கடலையே காப்பாற்ற உதவிய படங்கள்

அதே ராஸ் கடலில் டூத்ஃபிஷ் என்னும் பெரிய மீனைப் பிடிக்கக் கப்பல்கள் வரத் தொடங்கின. மேலைநாட்டு ஹோட்டல்களில் 'சிலியன் சீ பாஸ்' என்ற பெயரில் விலை உயர்ந்து போகும் மீன்களில் இதுவும் ஒன்று. சூழலியல் ஆய்வாளர் டேவிட் எயின்லி இதைப் பற்றி எழுதியதைப் படித்தார் அமெரிக்க புகைப்படக் கலைஞர் ஜான் வெல்லர். பிறகு அவரே அண்டார்டிகா போனார். பனிக்கு அடியில் டைவ் அடித்தார். 'தி லாஸ்ட் ஓஷன்' என்ற பெயரில் அந்தப் படங்கள் பிரசாரமாகின, புத்தகமாகவும் வந்தன.

அண்டார்டிகா கடல்வாழ் உயிர்களுக்கான சர்வதேச ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். அங்கே எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் விஷயம் நின்றுவிடும். பல வருடங்கள் அப்படித்தான் நின்றது. கடைசியில் 2016 அக்டோபரில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. இந்தியாவின் பரப்பில் கிட்டத்தட்ட பாதி! அதில் பெரும்பகுதியில் மீன்பிடிக்கவே கூடாது. 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு 35 வருடங்களுக்குத்தான்.

படங்கள் மட்டுமே இதைச் செய்தன என்று சொன்னால் அது மிகை. விஞ்ஞானிகள், நாடுகளின் பேரம் என்று நிறைய உண்டு. ஆனாலும் யாருமே போகாத ஒரு கடலை மேஜைக்குக் கொண்டு வந்தது கேமரா.

கரடி வீடியோவில் என்ன தப்பு?

இதே நிக்லன்தான் இன்னொரு விஷயத்திலும் மாட்டினார். அவரும் கிறிஸ்டினா மிட்டர்மையரும் சேர்ந்து 2014ல் தொடங்கிய அமைப்பு 'சீலெகசி'. கடலைக் காக்கப் படம் எடுப்பதே இதன் வேலை. 2017ல் இவர்கள் படம்பிடித்தது இந்தமுறை தண்ணீருக்குள் அல்ல, கரையில். கனடாவின் சாமர்செட் தீவில் எலும்பும் தோலுமாக ஒரு துருவக் கரடி, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள்.

நேஷனல் ஜியோகிராஃபிக் அந்த வீடியோவை வெளியிட்டபோது, 'காலநிலை மாற்றம் என்றால் இதுதான்' என்ற பொருளில் வாசகம் சேர்த்தது. பிரச்சினை அங்கேதான். அந்தக் கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயாக இருக்கலாம், காயமாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். ஒரு கரடியைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். காலநிலை மாற்றமே பொய் என்பவர்களுக்கோ அல்வா சாப்பிட்ட மாதிரி!

2018 ஆகஸ்ட் இதழில் அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது: காலநிலை மாற்றத்தையும் அந்தக் குறிப்பிட்ட கரடியையும் உறுதியாக முடிச்சுப் போட்டதில் எல்லை மீறிவிட்டோம் என்று. நடந்ததை விளக்கி மிட்டர்மையரும் அதே இதழில் எழுதினார்.

வீடியோ பொய் இல்லை. கரடி நிஜம், பட்டினி நிஜம். கடல் பனி குறைந்தால் சீல் வேட்டை குறைந்து கரடிகள் பாதிக்கப்படும் என்பதும் ஆய்வுகள் சொல்வதே. கீழே போட்ட ஒரு வரிதான் படத்தில் இல்லாததைச் சொன்னது.

அப்படியென்றால் உறுதியான ஆதாரம் எப்படி இருக்கும்? 2022 இறுதியில் அண்டார்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி வழக்கத்துக்கு முன்பே உடைந்தது. எம்பெரர் பெங்குயின் குஞ்சுகளுக்கு அப்போது தண்ணீர் புகாத இறகு முளைத்திருக்காது. அந்தப் பகுதியில் தெரிந்த 5 குடியிருப்புகளில் 4ல் அநேகமாக ஒரு குஞ்சுகூட பிழைக்கவில்லை என்று 2023ல் வெளியான ஆய்வு சொன்னது. அதைக் கண்டுபிடித்தது செயற்கைக்கோள். பனிமேல் பெங்குயின் எச்சம் விட்ட பழுப்புக் கறைகள் தெரிந்தன. பிறகு கறைகள் இருந்த பனியே இல்லை.