ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்



ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729 என்பீர்கள். இன்று அவருடைய இன்னொரு எண்ணைப் பார்ப்போம்: 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி.

முதலில் சின்ன எண். ஒரு பெட்டியில் 12 ஜோடி ஷூ இருந்தால் இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக, ஆறாறாக அடுக்கலாம். 11 இருந்தால் முடியாது. 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுபவை தனி வகை. 24, 36, 48, 60 எல்லாம் இந்த வகைதான். நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தது எவ்வளவு வசதி பாருங்கள்!

இந்த வகை எண்களைப் பற்றி 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் ராமானுஜன் பெரிய கட்டுரை எழுதினார். அதில் 102 எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண்தான் மேலே சொன்னது. அதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10,080 காரணிகள்!

பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போனது: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வருகிறது. கணினி இல்லாத காலத்தில் இத்தனை எண்களில் ஒன்றே ஒன்றுதான் தப்பியது என்பதே எனக்கு வியப்பு.

முதல் உலகப் போர்க்காலம். சங்கத்திடம் பணமில்லை. அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் பிற்பகுதி விடப்பட்டது. 1997-இல்தான் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிக்கோலாவும் ராபினும் குறிப்புகளோடு அதை வெளியிட்டார்கள். ராமானுஜன் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு!

இதை ஏன் சொல்கிறேன்? கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றவர் அவர். கணக்கில் தோற்கவில்லை, மற்ற பாடங்கள் கவிழ்த்துவிட்டன. பிறகு துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அப்படிப்பட்டவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான்.

பத்தாவதில் ஒரு பாடம் போனதும் படிப்பை விட்டுவிட்டு ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன என் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் படிப்பே வராது என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் பாடம் அவனை இழுக்கிறது, அவளை இழுக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.

இன்று இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து, 60-க்கு எத்தனை காரணிகள் என்று கண்டுபிடித்து எழுதுங்கள் பார்ப்போம்.