மனையும் மதிப்பும்



கல்பாக்கத்திலுள்ள என் நண்பர் ஒருவர், தம் மகளின் கல்லூரிப் படிப்பிற்காக வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெற விழைந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் முதன்முறை வந்தபோது, மாடியில் குடியிருந்தோர் கதவைப் பூட்டிக்கொண்டு செங்கற்பட்டுக்குச் சென்றிருந்தனர். இரண்டாம் முறை வந்தபோது எல்லைக்கல் புதருக்குள் மறைந்து கிடந்தது. பட்டாவும் காலஞ்சென்ற தந்தையார் பெயரிலேயே இருந்தது. கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. “ஒரு வீட்டை அளந்து விலை சொல்ல இத்தனை நாளா?” என்று நண்பர் மனம் நொந்து வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த நான், இந்த வட்டாரத்தின் வரலாற்றிற்குள்ளேயே சென்று சேர்ந்தேன்.

நிலத்தை அளந்து மதிப்பிடுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில், சோழ நாடு முழுவதும் அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஒரு வேலி நிலத்தை எத்துணை நுண்ணிய பின்னங்களாகப் பிரித்துக் கணக்கிட்டனர் என்பது விளங்கும். ஆனால் அக்கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. ஊர் நத்தம், கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றின் பரப்பைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்திற்கே வரி விதித்தனர். மக்கள் வீடு கட்டி வாழும் இடம் இறையிலி. இஃது அருளுடைய வழக்கமே. எனினும் இதன் பின்விளைவைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். கைக்கு வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று கும்பினியார் அறிய விரும்பினர். தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஆராய்ந்தார். நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, மானியம், குடிகளின் வீடுகள் யாவும் பதிவாயின. ஏழாண்டு நெடிய காலம் போலத் தோன்றலாம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்! ஊர் ஊராகக் கணக்குப்பிள்ளைமார் ஓலையில் எழுதி வைத்த கணக்குகள் இல்லையேல், ஏழாண்டில் அப்பணி முடிந்திருக்குமா? அளக்க வந்தவர் அயல்நாட்டார்; அவருக்கு வழி திறந்தது தமிழ் ஓலை. அவ்வோலைகளுட் பல இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

மற்றொரு நிகழ்ச்சி. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. கண்டவர் நகைத்திருக்கவும் கூடும். ஆனால் அக்கோடு பிழையின்றி அமைந்ததனால், அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிப் பெரும்பாலும் கோணங்களை அளந்தே, அடுத்த பல்லாண்டுகளில் இமயம் வரை செல்ல முடிந்தது. தொடக்கத்தில் காட்டிய பொறுமை பின்னர் விரைவாக மலர்ந்தது.

இனி நத்தத்திற்கு வருவோம். ரயத்துவாரி முறையில் வயல்களுக்குத் தனித்தனி எண்ணும் புலப்படமும் கிடைத்தன. வரியில்லாத ஊர் நத்தமோ பெரும்பாலும் ஒரே தொகுதியாக விடப்பட்டது. வயலுக்குச் சான்று உண்டு. வீட்டிற்கு இல்லை என்னும் நிலை நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த நத்தம் நிலவரித் திட்டமே வீட்டு மனைகளைத் தனித்தனியே அளந்து பட்டா வழங்க முற்பட்டது. சிற்றூர்களில் பல வீடுகளின் மதிப்பீடு இன்றும் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். வரி கேட்காத அரசு கணக்கும் எழுதவில்லை. கணக்கில்லாத வீட்டிற்குக் கடன் தர வங்கி தயங்குகிறது.

மதிப்பீட்டாளர் செய்வது யாது? மனையின் நிலவரத்தை அக்கம்பக்கத்து விற்பனைகளோடு ஒப்பிடுகிறார். கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதன் வயதிற்கேற்பத் தேய்மானத்தைக் கழிக்கிறார். உரிமையும் எல்லையும் ஐயமற உள்ளனவா என்று பார்க்கிறார். கல்பாக்கம் போன்ற கடற்கரையூரில் இன்னும் இரண்டு வினாக்கள் எழும். உப்புக்காற்று கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்துள்ளதா? மனை, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அடங்குமா? இவற்றிற்கு விடை ஆயத்தமாக இருந்தால் பணி விரையும்.

ஆகவே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, தம் பெயரில் மாற்றிய பட்டா, புலப்படம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றை ஒரே கட்டாக வைத்திருத்தல் நன்று. எந்த ஆண்டில் எந்தப் பழுது பார்க்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். எல்லைக்கற்கள் கண்ணிற் படும்படி புதரை நீக்கலாம். எல்லா அறைகளும் திறந்திருக்கும்படி குடியிருப்போரிடம் முன்னரே சொல்லலாம். இவ்வளவே விரைவின் இரகசியம். குறையை மறைப்பதும், விலையை உயர்த்துமாறு வற்புறுத்துவதும் விரைவாகா. ஐயத்தையே வளர்க்கும், ஐயமோ மீண்டும் ஓர் ஆய்வை வரவழைக்கும்.

என் நண்பரும் வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றினார். மூன்றாம் முறை வந்த மதிப்பீட்டாளர் ஒரு முற்பகலில் பணியை முடித்துக்கொண்டு சென்றார். பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முந்திய நாள் கடன் கிடைத்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்களை இந்த விடுமுறையில் பெரியோருடன் அமர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பாட்டனார் பெயரும், நான்கு எல்லைகளும், அன்றைய விலையும் அவற்றில் இருக்கும். அதுவும் வரலாறே. அவற்றை ஒழுங்குபடுத்தி வைப்பீராயின், அன்று ஓலை எழுதிய கணக்குப்பிள்ளையின் பணியை உங்கள் வீட்டிற்கு நீங்களே செய்தவர் ஆவீர்கள்.