யார் வந்து சொன்னால் வாங்குகிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாக வாசியுங்கள்.

அதிகாலையிலும் நள்ளிரவிலும் நம் தொலைக்காட்சிகளில் கடை விரிப்பார்கள். வாயசைவு ஒரு மொழியில் இருக்கும், குரல் தமிழில் இருக்கும். சிரித்துவிட்டு வேறு சானலுக்குப் போய்விடுவோம். ஆனால் இந்த வியாபாரத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. யார் வந்து சொன்னால் ஜனங்கள் வாங்குவார்கள் என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

கதை தொடங்குவது 1977இல், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில். கிளியர்வாட்டர் என்ற ஊரில் ஒரு சிறிய வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்த ஒருவரால் பாக்கியைக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக, டின்களைத் திறக்கும் மின்கருவிகள் 112 கொண்டுவந்து கொடுத்தார். நிலைய உரிமையாளர் லோவல் பாக்ஸன் அவற்றைத் தன் நிகழ்ச்சி நடத்துநர் பாப் சர்கோஸ்டாவிடம் தந்து, நேரலையில் விற்கச் சொன்னார். ஒன்று 9.95 டாலர். அத்தனையும் விற்றுப்போயின.

வாங்கியவர்கள் யாரும் பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல் சொன்னது, வாங்கினார்கள். அந்த விதைதான் 1982இல் உள்ளூர் கேபிள் சானலாகி, 1985இல் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்று நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த ஆண்டே போட்டி வந்துவிட்டது. ஜோசப் சீகல் என்பவர் பென்சில்வேனியாவில் கியூவிசி சானலைத் தொடங்கினார். தரம், மதிப்பு, வசதி என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். கூவி விற்க வேண்டாம், கொல்லைப்புற வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினால் போதும் என்பது அவர்கள் வழி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் திண்ணைப் பேச்சு. ஏற்கெனவே வாங்கியவர்கள் நேரலையில் தொலைபேசியில் வந்து, பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள்.

இந்த நிகழ்ச்சிகளில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சானலின் சம்பளக்காரரான தொகுப்பாளர். மற்றவர் அந்தப் பொருளுக்காக மட்டும் வரும் விருந்தினர். விருந்தினராக யாரை ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்பதற்குக் கருத்துக்கணிப்பு தேவைப்படவில்லை. நிமிடத்துக்கு எத்தனை டாலர் விற்பனை என்று திரையில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பேச்சுக்கு அழைப்புகள் கூடின என்பதைத் தயாரிப்பாளர் காதுக்கருவி வழியாக அப்போதே சொல்லிவிடுவார்.

அந்தக் கணக்கு என்ன சொன்னது?

1992இல் ஒரு துடைப்பான் கியூவிசிக்கு வந்தது. கையால் தொடாமலே பிழிந்துவிடலாம். நியூயார்க் அருகே லாங் ஐலேண்டில் மூன்று குழந்தைகளைத் தனியாக வளர்த்த ஜாய் மங்கானோ உருவாக்கியது. சானல்காரர்கள் விற்றபோது சரியாகப் போகவில்லை. நானே வந்து காட்டுகிறேன் என்று அவர் கேட்டு வாங்கி மேடையேறினார். அரை மணி நேரத்துக்குள் 18,000 துடைப்பான்கள் விற்றன. அதே பொருள், அதே சானல். பேசியவர் மட்டும்தான் மாறினார். தரை துடைத்துச் சலித்த ஒருத்தி பேசுகிறாள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2015இல் ‘ஜாய்’ திரைப்படம் வந்தது.

அப்படியானால் பிரபலங்களுக்கு மதிப்பில்லையா? உண்டு. நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் 1987இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் இழந்தார், அதே ஆண்டில் கணவரையும் இழந்தார். 1990இல் கியூவிசியில் கவரிங் நகை விற்க வந்தார். பிரபலங்கள் பலர் அதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம். அவரோ தன்னையே கேலி செய்துகொண்டு, தோழியிடம் நகைப்பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல் பேசினார். 2014இல் இறக்கும்வரை அவருடைய நகைகள் அங்கே விற்றன. புகழ் பார்ப்பவரை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தது. மீதி வேலையை அந்தப் பேச்சு செய்தது.

இந்த மனநிலையை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956லேயே விளக்கியிருந்தார்கள். திரையில் ஒருவர் நம் கண்ணைப் பார்த்துப் பேசினால், அவர் நமக்குத் தெரிந்தவர் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஒருவழி நெருக்கம். இந்த நிகழ்ச்சிகள் வளர்ந்தது அந்த நெருக்கத்தின் மேல்தான்.

இந்தியாவிலும் 2015இல் நடிகர் அக்ஷய் குமார் பங்குதாரராக இருந்த பெஸ்ட் டீல் டிவி, நட்சத்திரங்களே பொருள் விற்கும் சானல் என்று சொல்லிக்கொண்டு வந்தது. நெடுநாள் நீடிக்கவில்லை.

சீனாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2018 நவம்பரில் லி ஜியாச்சி என்ற இளைஞரும் அலிபாபா நிறுவனர் ஜாக் மாவும் நேரலையில் உதட்டுச்சாயம் விற்கப் போட்டியிட்டார்கள். லி, கடையில் அழகுசாதனப் பொருள் விற்றவர். ஒவ்வொரு நிறத்தையும் தன் உதட்டிலேயே பூசிக் காட்டுவார், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பார். ஜாக் மா விற்றது 10. லி விற்றது 1,000.

அதே லி 2023 செப்டம்பரில் 79 யுவான் விலையுள்ள புருவப் பென்சிலை விற்றுக்கொண்டிருந்தார். விலை அதிகம் என்றார் ஒரு பார்வையாளர். இத்தனை ஆண்டில் உங்கள் சம்பளம் ஏறியதா, ஒழுங்காக உழைத்தீர்களா என்று லி திருப்பிக் கேட்டுவிட்டார். நாடே கொதித்தது. லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர்வதை விட்டார்கள். கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். நம்மில் ஒருவன் என்று நினைத்தவன் நம் சம்பளத்தைக் குத்திக் காட்டினான் என்பதுதான் அவர்களுக்கு ஆறாத கோபம்.

ஆக, ஜனங்கள் ஏமாளிகள் அல்ல. பொருளைப் புழங்கியவரையும், கஷ்டம் தெரிந்தவரையும், குறையைச் சொல்பவரையும்தான் தேடுகிறார்கள். ஊரில் காய்கறிக்காரம்மா “இன்னைக்குக் கத்தரிக்காய் வேண்டாம், சொத்தை” என்று சொன்னால், மறுநாளும் அவரிடமே போகிறோம் அல்லவா? அதே புத்திதான். ஒரே ஒரு வித்தியாசம். கத்தரிக்காய் சொத்தையானால் அந்தம்மா நாளைக்கு நம் முகத்தில் விழிக்க வேண்டும். திரையில் பேசுபவருக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய திண்ணைப் பேச்சுக்குப் பின்னால் நிமிடக் கணக்கு ஓடுகிறது.

இப்போது அந்த விருந்தாளி கைப்பேசிக்குள் வந்துவிட்டார். “அம்மா”, “அக்கா” என்று உரிமையோடு கூப்பிட்டு மூட்டுவலி எண்ணெயும் சர்க்கரைக்குப் பொடியும் விற்கிறார். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் நாள் முழுக்கப் பேசும் ஒரே குரல் சில சமயம் அவருடையதுதான். மருந்து மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினால் உயிருக்கே ஆபத்து.

அதனால் அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால், “இதையெல்லாம் ஏன் வாங்கினீங்க?” என்று சத்தம் போடாதீர்கள். “யார் சொன்னாங்க? என்ன சொன்னாங்க?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாரம் ஒருமுறை பேசுபவர்கள் இரண்டு முறை பேசுங்கள்.

உங்கள் வீட்டில் யார் சொல்லி, எந்தப் பொருள் வந்தது? பின்னூட்டத்தில் எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.