மதிலைத் தாண்டிய மருத்துவம்

ஓசூர் சாலை வழியே நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நெடிய மதிலைக் கண்டிருப்பர். 'அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான்' என்று நண்பரைக் கேலி செய்வதும் உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் பட்ட பாட்டைப் பெங்களூரில் இப்பெயர் படுகிறது. அம்மதிலுக்குள் தோன்றி வெளியே நடந்த ஒரு முயற்சியின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1847-இல் டாக்டர் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்னும் ஆங்கில மருத்துவரால் பெங்களூரில் பித்தர் காப்பகம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 1925-இல் மைசூர் அரசு அதனை 'மனநோய் மருத்துவமனை' எனப் பெயர் மாற்றியது. பெயரில் என்ன இருக்கிறது எனலாம். கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு அது சிறு செய்தியாகத் தோன்றவில்லை. அடைத்து வைக்கப்பட்டவர், எழுத்தளவிலேனும், நோயாளியானார். 1946-இல் போர் குழு பரிந்துரைத்தவாறு 1954-இல் அகில இந்திய மனநலக் கழகம் அங்கே அமைந்தது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். பிற்காலத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன் உளநோய் மருத்துவம் பயின்றதும் இங்கேதான். 1974 டிசம்பர் 27-இல் மருத்துவமனையும் கழகமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

இணைந்த மறு ஆண்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ, உளநோய் மருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் நகரங்களில் இருந்தனர். எத்தனை மருத்துவமனைகள் கட்டினும் இக்கணக்கு நேராகாது. எனவே டாக்டர் ஆர். எல். கபூர் முதலானோர் 1975-இல் சமுதாய உளநோய் மருத்துவப் பிரிவைத் தொடங்கி, ஆனேக்கல் தாலுகாவில் பன்னேர்கட்டாவை அடுத்த சகலவாராவைக் களமாகக் கொண்டனர். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சில வாரப் பயிற்சி. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கு, வலிப்பையும் கடும் மனநோயையும் அடையாளங்காணும் எளிய வழிகள். விலை மலிந்த சில மாத்திரைகள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கும் அதே வரிசையில் நின்று மனநோய்க்கும் மருந்து வாங்கலாம் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

அந்நாளில் ஆனேக்கலுக்கு அடுத்த எல்லையில், ஓசூர்ப் பக்கத்துச் சிற்றூரில், எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் என் சிற்றப்பா இருந்தார். அறைக்கு வெளியே பூட்டு. திருமணத்திற்கு வந்தவர்களிடம், 'தம்பி பம்பாயில் வேலையாயிருக்கிறான்' என்பார் என் பாட்டி. சிறுவனாகிய நானும் அவ்வாறே சொல்லப் பழகினேன். சகலவாராவுக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஒரு மாநில எல்லையும் ஒரு பகற்பொழுதுப் பயணமுமே இருந்தன.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் உருப்பெற்றது. சகலவாராவில் கற்ற பாடம் ஒரு முழு மாவட்டத்திற்குப் பொருந்துமா எனப் பெல்லாரியில் 1985 முதல் 1990 வரை சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த வறண்ட மாவட்டம் அது. அம்மாதிரியைப் பின்பற்றி 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. சகலவாராவில் இட்ட வித்து காவிரிக்கரையில் முளைத்தது எனலாம்.

ஆயினும் எல்லா மாவட்டங்களுக்கும் அது உடனே சென்றுவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாது மாண்டனர். மாண்டவர் 28 பேர். பெற்றவரும் உடன்பிறந்தவருமே, வேறு போக்கிடம் அறியாது, அவர்களைக் கொணர்ந்து விட்டிருந்தனர்.

அச்செய்தியை என் தந்தையார் நாளிதழில் இருமுறை படித்தார். ஒன்றும் பேசவில்லை. பின்கட்டுக்குச் சென்று பூட்டைத் திறந்தார். அடுத்த வாரம் சிற்றப்பாவைப் பேருந்தில் ஏற்றி, ஓசூர் சாலையிலுள்ள அம்மதிலுக்குள் அழைத்துச் சென்றார். பிறகு மாதந்தோறும் மாத்திரை வாங்கி வருவது என் பொறுப்பாயிற்று. 2006-இல் என் திருமணத்தன்று மண்டப வாயிலில் நின்று, வருவோர்மீது பன்னீர் தெளித்தவர் அவர்தாம். 'பம்பாயிலிருந்து எப்போது வந்தீர்கள்?' என்று உறவினர் ஒருவர் வினவினார். 'ரொம்ப நாளாயிற்று' என்றார் சிற்றப்பா.