6,684 அடி உயரத்தில் ஒரு புதையல் வேட்டை... ஜியோகேச்சிங் தெரியுமா?

கூகுள் மேப் பார்த்து பிரியாணிக் கடைக்குப் போகத் தெரியுமா? அப்போ ஜியோகேச்சிங்கில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிதான் கஷ்டம்.

யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆப்பில் போட்டுவிடுவார். நீங்கள் ஜி.பி.எஸ் உதவியோடு தேடிப் போக வேண்டும். உள்ளே தங்கமெல்லாம் இருக்காது பாஸ்! ஒரு குட்டி நோட்டு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. உடனே மே 3-ல் டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைக்க, விளையாட்டு ஸ்டார்ட்!

மலைப் பூங்காக்கள் இதற்கு செம களம். வட கரோலினாவின் மவுன்ட் மிட்செல் மாநிலப் பூங்காவையே எடுத்துக்குங்க. 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிட உயரமான சிகரம் கிடையாது. இதன் உயரத்தை மறுபடி உறுதிசெய்யப் போன பேராசிரியர் எலிஷா மிட்செல், 1857-ல் அருவியில் விழுந்து இறந்தார். அவர் கல்லறை சிகரத்திலேயே இருக்கிறது. இன்று உங்கள் போன் சில விநாடிகளில் காட்டும் அந்த எண்ணுக்காகத்தான் அவர் அலைந்தார்!

அதுக்காக போனை முழுசா நம்பிடாதீங்க. ஆப்பில் '300 மீட்டர்' என்று காட்டுவது நேர்கோட்டுத் தூரம். நடுவில் பள்ளமா, பாறையா என்பதெல்லாம் அந்த அம்புக்குறிக்குத் தெரியாது. மலையில் பாதையைவிட்டு இறங்கிக் குறுக்கே போவதுதான் பெரிய ஆபத்து. சுற்றினாலும் பாதையிலேயே போங்க. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜி.பி.எஸ் பல மீட்டர் தள்ளியும் காட்டும். கடைசிச் சில அடிகளுக்கு உங்கள் கண்தான் கருவி.

ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் சிரமம், நிலத்தின் கடினம் என 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. புதுசா போறவங்க இரண்டும் 2-க்குள் இருப்பதாகப் பார்த்துத் தொடங்கலாம். மேப்பை முன்பே டவுன்லோடு பண்ணிடுங்க. குளிரில் பேட்டரி சட்டுனு இறங்கும், பவர் பேங்க் முக்கியம்.

நீங்களே டப்பா வைக்க ஆசையா? முதலில் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கணும். டப்பாவே வேண்டாம் என்றால் 'எர்த்கேச்' இருக்கு. பாறையையோ அருவியையோ நேரில் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும்.

தேடியும் கிடைக்கலையா? 'டி.என்.எஃப்' என்று பதிவு போட வெட்கப்படாதீங்க. அதைப் பார்த்துதான், டப்பா காணாமல்போயிருக்குமோ என்று வைத்தவர் போய்ப் பார்ப்பார்.