அரைக் கொத்து அரிசியின் கணக்கு

சென்ற மாதம் நீரிழிவுச் சிகிச்சைக்காகச் சென்றிருந்தபோது, தாதியொருவர் என் கையில் ஒரு தாளைத் தந்தார். ஒரு வேளை உணவில் 45 கிராம் காபோவைதரேற்றுக்கு மேல் வேண்டாம் என்பதே அதன் சாரம். எழுபது வயதைக் கடந்த நான் வீடு திரும்பித் தராசின் முன் அமர்ந்தேன். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம். அதேயளவு சோற்றில் 28 கிராம். தேநீரில் இடும் ஒரு தேக்கரண்டிச் சீனியில் 4 கிராம். றொசல்லவில் எங்கள் லயத்து அடுப்பில் அம்மா சுட்ட தடித்த ரொட்டி ஒன்றே இந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.

மாப்பொருளை அளப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. முன்னர் அதனை வேறொருவர் அளந்தார் என்பதே வேறுபாடு. கோப்பிக் காலந்தொட்டு, தோட்ட நிர்வாகங்கள் அரிசியைப் புசல் கணக்கில் வழங்கி, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டன. 1884இல் இருப்புப் பாதை ஹற்றனை எட்டியது. அதன் பின்னர் தேயிலை இறங்கிய பாதையிலேயே அரிசி மேலேறியது. அந்த அரிசியின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது.

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. குறைந்த அரிசியை ஈடுசெய்யக் கோதுமை மா வந்தது. கோதுமை ரொட்டி மலையகத்தின் ஆதி உணவென இன்றைய இளைஞர் பலர் எண்ணுகின்றனர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோர் அறிந்த உணவு அதுவன்று. அது எங்கள் அடுப்பில் நிலைபெறப் போர்க்காலப் பங்கீடே வழிவகுத்தது.

1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ், உடல் மெலியப் பாணையும் உருளைக்கிழங்கையும் சீனியையும் விலக்குமாறு கூறும் நூலை வெளியிட்டார். அது அமோகமாக விற்பனையானது. மறு ஆண்டு, 1973இல், இலங்கையில் ஒருவருக்கு வாரந்தோறும் கிடைத்த இலவச அரிசி ஒரு கொத்திலிருந்து அரைக் கொத்தாகக் குறைக்கப்பட்டது. மாவின் விலையும் ஏறியது. அரைக் கொத்து என்பது ஒரு றாத்தல், அதாவது 454 கிராம். அதில் ஏறத்தாழ 360 கிராம் மாச்சத்து உண்டு. ஏழு நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஐம்பது கிராம் தேறும். இன்று எனக்கு ஒரு வேளைக்கு விதிக்கப்பட்ட அளவே அன்று கூப்பன் அரிசி ஒரு நாளைக்குத் தந்த அளவு!

கிராமத்தவருக்குப் பலாவும் மரவள்ளியும் ஒரு துண்டு வயலுமாவது கைகொடுத்தன. தோட்டத்தவருக்கோ நிலமில்லை, விலைக்கு வாங்கும் உணவைத் தவிர வேறு வழியில்லை, வேலை நாட்களும் குறைந்தன. தோட்ட மக்கள் நகர வீதிகளில் கையேந்தி நின்றனர். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்தது. அந்நாட்களில் தனக்குப் பசியில்லை என்று கூறி அம்மா தன் ரொட்டியை எங்களுக்குப் பிய்த்துத் தருவார். அவருக்குப் பசித்தது என்பதை நான் வெகுகாலம் கழித்தே புரிந்துகொண்டேன். பஞ்சம் நீங்கிய பின்னர், மாப் பிசையும்போதெல்லாம் ஒரு பிடி கூடுதலாக இடுவது அவருக்கு வழக்கமாயிற்று.

அந்தக் கூடுதல் பிடியை இன்று நாம் குறைக்க வேண்டியிருக்கிறது. நீரிழிவு லயங்களுக்கும் வந்துவிட்டது. குரக்கன் ரொட்டியை எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறு. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு எழுபது கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. ரொட்டியைச் சிறிதாக்கி, பருப்பையும் கீரையையும் முட்டையையும் கூட்டுவதே வழி. மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் திடீரெனக் குறைத்தலாகாது.

ஆயினும் பருப்புக்கும் முட்டைக்கும் பணம் வேண்டும். நாட்கூலியில் வயிற்றை நிரப்பவல்ல மலிவான பொருள் இன்றும் மாவும் சீனியுமே. “ரொட்டியைக் குறையுங்கள்” என்று தோட்டத்துத் தாயொருத்தியிடம் கூறும் மருத்துவர், அவள் தட்டில் அதற்குப் பதிலாக எது வரும் என்பதையும் கேட்க வேண்டும்.

நேற்றிரவு நான் ஒரு ரொட்டியை நிறுத்து, பாதியை எடுத்து வைத்தேன். இம்முறை அளந்தவன் நான்தான். மீதிப் பாதியை எறிய மட்டும் கை வரவில்லை.